412-ஆம் நம்பர் கட்டு

அத்தியாயம் 9

“மூச்சை மெதுவா விடுங்க மாப்ள. தூசி பறக்குது,” என்றார் மாமா.

நாலு கோடி வருடம் அசையாமல் கிடந்த தூசி என் ஒரு மூச்சுக்குக் கிளம்பிவிடுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மாமனாரிடம் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு வாய் நீளலாம், ஆனால் நேரம் பார்த்து நீள வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர் மாமா. ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டுத் துப்பறியும் அலுவலகம் என்றார். டிரைவர், எடுபிடி, சமையல், டைப்பிங் எல்லாம் நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தவள், அவருக்கு மகள், எனக்கு மனைவி, மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு எங்கே போவது என்று எனக்கும் தெரியவில்லை. என்னைப் போகச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. ஒரே வீட்டில் ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகப் பேசிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தனியாக இருக்கிறோம்.

இப்போது நாங்கள் நின்றுகொண்டிருந்தது அருங்காட்சியகத்தின் அடித்தளக் கிடங்கில். ஜன்னல் கிடையாது. வரிசையாக இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் தலையணை அளவிலிருந்து பீரோ அளவு வரை வெள்ளை வெள்ளையாக பிளாஸ்டர் கட்டுகள்.

“எலும்பு முறிவு வார்டு மாதிரி இருக்கு மாமா. ஆனா ஒரு நோயாளிகூட முனகலை.”

“நீங்க ஒருத்தர் போதும்,” என்றார் அவர்.

கிடங்கில் வேலை செய்பவர் ஒரே ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, கல்லிலிருந்து எலும்பை ஊசியால் துளித்துளியாகப் பிரித்தெடுப்பது அவர் தொழில். “எல்லாரும் என்னை ஊசிக்காரர்னுதான் சொல்வாங்க சார்,” என்றார். எல்லாரும் யார் என்று சுற்றிப் பார்த்தேன். மூலையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. அந்த ஒரே நாற்காலியையும் எங்களோடு வந்த பல்லுக்காரப் பெண்ணுக்குத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார்.

பல்லுக்காரப் பெண்தான் எங்கள் கட்சிக்காரர். வயது இருபத்தொன்பது. பல் ஆஸ்பத்திரிகளுக்கு பிளாஸ்டரில் பல் அச்சு எடுத்துக் கொடுக்கும் கூடத்தில் வேலை. நேற்றுக் காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பழுப்பு நிறக் கல்லை உருட்டிக்கொண்டே வந்தாள். சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம், இவளுக்கு இது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நேராகப் போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் மூன்று வருடமாக நாங்கள் யாரையும் உட்கார விட்டதில்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். மாமா கையை உயர்த்தி என்னை உட்கார வைத்தார். கேஸை எடுத்துக்கொண்டது அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் சொன்னது இதுதான். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா கடலோடு போய்விட்டார். இதே அருங்காட்சியகத்துக்குக் கடலோரப் பாறையில் எலும்பு தோண்டி எடுத்துக் கொடுக்கிறவர். தனியாகப் போனார், கடல் ஏறியது, மாட்டிக்கொண்டார், இரண்டு நாள் கழித்து உடல் ஒதுங்கியது. இப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். போன வாரம் பேப்பரில் ஒரு படம் வந்திருந்தது. இருபத்தோரு வருடம் பிரிக்காமல் வைத்திருந்த 412-ஆம் நம்பர் கட்டைப் பிரிக்கப் போகிறார்கள், டைரக்டர் தன் கையால் தோண்டி எடுத்தது என்று செய்தி. படத்தில் கட்டின் ஓரம் தெரிந்தது. கட்டைவிரலால் அலை அலையாக அழுத்தி முடித்த ஓரம்.

“அந்தக் கட்டு எங்கப்பா போட்டது சார். வீட்ல சுவத்துல ஓட்டை அடைச்சாலும் இப்படித்தான் ஓரம் அழுத்துவாரு. நான் தினமும் பிளாஸ்டர்ல கை வைக்கிறவ. ஒரு கை மாதிரி இன்னொரு கை இருக்காது.”

“சரிம்மா. அதை அவர் வேற ஒரு நாள் போட்டிருக்கலாமே?”

“இருக்கலாம். ஆனா அவர் செத்ததுக்கு அடுத்த வருஷம் தோண்டினதுன்னு எழுதியிருக்காங்களே. யாரோ மறைக்கிறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் சார். அப்பா தனியாத்தான் செத்தாரா? எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாங்க. கட்டைப் பிரிச்சதும் பிளாஸ்டரைக் குப்பையில கொட்டிடுவாங்க. அதுக்குள்ள தெரியணும்.”

இன்றைக்குக் காலை பதினொரு மணிக்குப் பிரிக்கிறார்கள். இப்போது பத்தே கால்.

மாமா டார்ச்சை அடித்து 412-ஐச் சுற்றி வந்தார். ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது. பல்லுக்காரப் பெண் எழுந்து வந்து, ஓரத்திலிருந்த பள்ளங்களில் ஒன்றில் தன் கட்டைவிரலை வைத்தாள். விரல் தொளதொளவென்று நின்றது. எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“கட்டு எப்படிப் போடுவீங்க தம்பி?” என்று ஊசிக்காரரிடம் கேட்டார் மாமா.

“எலும்பை அப்படியே எடுத்தா பொடிஞ்சிடும் சார். சுத்தி இருக்கிற கல்லோட வெட்டுவாங்க. மேல ஈரப் பேப்பர் ஒட்டணும். பேப்பர் இல்லேன்னா பிளாஸ்டர் எலும்புல ஒட்டிக்கும். அதுக்கு மேல சாக்குத் துணியை பிளாஸ்டர்ல முக்கிச் சுத்துவாங்க. மேல்பாதி காய்ஞ்சதும் அடியை அறுத்துப் புரட்டிப் போட்டு, கீழ்ப்பாதிக்கும் அதே மாதிரி.”

“இது எவ்வளவு எடை?”

“எண்பது கிலோ வரும்.”

“ஒத்தை ஆள் புரட்ட முடியுமா?”

ஊசிக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார். “முடியாது சார். அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கணும். இல்லேன்னா உள்ளே இருக்கிறது நொறுங்கிடும்.”

பல்லுக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். மாமா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டு அவள் அப்பா போட்டதுதான் என்றால், பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு வாய் அதிகமாகும். “நீங்க எப்படி சார் இந்த வேலைக்கு வந்தீங்க? சின்ன வயசுல எலும்பு மேல ஆசையா?” என்று ஊசிக்காரரைக் கேட்டேன்.

“ரயில்வே கிளார்க் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன். எழுதலை. இங்க ஒரு இடம் காலியா இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“நல்லவேளை. ரயில்னா நேரத்துக்கு வரணும். இதுங்க எங்கயும் போகாது.”

அவர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் எலும்போடு இருந்தால் என் நகைச்சுவை எடுபடாதுதான்.

டைரக்டர் வந்தார். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறப் போகிறவர். சட்டைப் பையில் மூன்று பேனா. இறந்துபோன ஊழியரின் மகள் பார்க்க வந்திருக்கிறாள் என்று நாங்கள் சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். அதனால் இனிமையாகவே பேசினார்.

“இதுக்குள்ள இருக்கிறது ஒரு திமிங்கலத்தோட கால்!” என்றார்.

“திமிங்கலத்துக்கு ஏது சார் கால்?”

“இருந்தது. நிலத்துல நாலு கால்ல நடந்த மிருகம்தான் கடலுக்குள்ள போச்சு. அந்தக் கடலோரப் பாறையில அடித்தட்டு பழசு, மேல் தட்டு புதுசு. கீழ்த்தட்டுல கிடைக்கிறதுக்குக் கால் பெரிசு. மேல வர வரச் சிறுசாகும். இன்னிக்கு இருக்கிற திமிங்கலத்துக்கு உடம்புக்குள்ள ரெண்டு துண்டு எலும்பு மட்டும் மிச்சம்.”

“மூணு வருஷமா நானும் சோபாவை விட்டு எழுந்திரிக்கிறதில்லை. எனக்கும் கால் சுருங்குமா?”

“உங்களுக்குச் சுருங்காது. சின்னக் காலோட பிறந்தது நல்லா நீந்திப் பிழைக்கும், அதோட குட்டிக்கும் கால் சின்னதா இருக்கும். லட்சக்கணக்கான தலைமுறை போகணும்.”

எனக்குப் பிள்ளையும் கிடையாது என்பதால் அந்த வழியும் அடைபட்டது. இதை நான் வெளியே சொல்லவில்லை.

டைரக்டர் தொடர்ந்தார். “இந்த வகை மிருகத்தோட காது எலும்பு மேல கண்ணாடிப் பெட்டியில இருக்கு. அது அச்சு அசல் திமிங்கலம். கணுக்கால் எலும்பு மட்டும் கிடைச்சா, அதோட சொந்தக்காரங்க நிலத்துல யாருன்னு காட்டிடலாம். மான், பன்றி வகைக்கு இருக்கிற மாதிரி ரெண்டு முனையிலும் கப்பி மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். போன மாசம் இதை எக்ஸ்ரே எடுத்தோம். கால் இருக்கு, கணுக்கால் இடம் காலி. அந்தக் கணுக்கால் எலும்பு கிடைக்குமான்னு முன்னாடியே மூணு வருஷம் அந்தப் பாறையடியில சல்லடை போட்டுத் தேடியிருக்கேன். கடல் கொண்டுபோயிடுச்சு.”

“இந்தக் கட்டைப் போட்டது யார் சார்?” மாமா பதற்றமே இல்லாமல் கேட்டார்.

“நான்தான். பதிவேட்டுல இருக்கே.”

பதிவேட்டில் இருந்தது. 412, தோண்டியவர்: டைரக்டர். தேதி, அவள் அப்பா இறந்து பதினோரு மாதம் கழித்து.

“இருபத்தோரு வருஷமா ஏன் பிரிக்கலை?”

“எதை எப்போ பிரிக்கிறதுன்னு வரிசை போடறது ஊசிக்காரர். ஒவ்வொரு வருஷமும் ஏதோ காரணம் சொல்லுவார்.”

வேலைப் புத்தகத்தை மாமா என்னிடம் தள்ளினார். 412-க்கு எதிரே வருடத்துக்கு ஒரு வரி. வாய்விட்டுப் படித்தேன். “மழை, ஈரம். ரம்பம் மழுங்கல். கண் வலி. விளக்கு சரியில்லை. கை நடுக்கம். மறுபடியும் கண் வலி. ஸ்கூல்ல நான் எழுதின லீவு லெட்டர்கூட இவ்வளவு தினுசா இருந்ததில்லை மாமா!”

மாமா அந்த வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். நான் டைரக்டரை முறைத்தேன். கட்டு பிரிந்தால் குட்டு வெளிப்படும் என்று இவர்தான் ஆளை மிரட்டித் தள்ளிப்போட வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு முடிவு கட்டுவது சுலபம். சரியாகக் கட்டுவதுதான் வராது.

பதினொரு மணி. ஊசிக்காரர் ரம்பத்தை எடுத்தார். கட்டின் நடுவே சுற்றிலும் அறுத்தார். இருபது நிமிடம் ஆனது. பிளாஸ்டர் தூள் அவர் முழங்கை வரை ஏறியது. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மேல்மூடியைத் தூக்கினோம். உள்ளே பாறையோடு ஒட்டி, மஞ்சளாகிப்போன பேப்பர்.

“பேப்பரை நான் எடுக்கட்டுமா?” என்றாள் பல்லுக்காரப் பெண். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் தொட்டுத் தொட்டு, பல் அச்சை உரிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து உரித்தாள். முதல் தாள் முழுசாக வந்தது. மாமா தேதியைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் அப்பா இறந்த அதே நாள். கீழே ஒரு மூலையில் ‘இன்றைய கடல் ஏற்ற இறக்கம்’ என்ற கட்டத்தில், காலை 10.40 இறக்கம் என்ற வரியைச் சுற்றி நீலப் பென்சிலால் ஒரு வட்டம்.

“நேரம் பார்த்துதான் போயிருக்காரு,” என்றாள் அவள். “ஏதோ விவரம் தெரியாம போய் மாட்டிக்கிட்டாருன்னு சொன்னாங்களே.”

நான் டைரக்டர் பக்கம் திரும்பினேன். “பதினோரு மாசம் கழிச்சுத் தோண்டினதுக்குள்ள அவர் செத்த நாள் பேப்பர் எப்படி சார் வந்துச்சு? பழைய பேப்பர் கடைக்குப் போனீங்களா? அன்னிக்கு அந்தப் பக்கம் பிடிச்சது நீங்கதானே?”

டைரக்டருக்கு வேர்த்துவிட்டது. “இல்லை! சத்தியமா இல்லை. இது கிடங்குல நம்பர் இல்லாம கிடந்தது. யார் கொண்டுவந்ததுன்னு தெரியலை. பேர் எழுதற இடம் காலியா இருந்தது, என் பேரை எழுதிட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணின தப்பு. அன்னிக்கு நான் ஊர்லயே இல்லை!”

“அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க.”

“அவர் சொல்றது நிஜம் மாப்ள,” என்றார் மாமா. அடுத்த தாளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். ‘நேற்று தொடங்கிய மூன்று நாள் விஞ்ஞானிகள் மாநாடு’ என்று தலைப்பு. அறுநூறு மைல் தள்ளி ஏதோ ஓர் ஊர். படத்தில் மைக் முன்னால், தலை நிறைய முடியோடு, மூன்று பேனாவோடு டைரக்டர். இருபத்திரண்டு வருடமாக மனிதருடைய சாட்சி அவருக்கே தெரியாமல் அந்தக் கட்டுக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது.

“கீழ்ப்பாதியைப் பார்ப்போம்,” என்றார் மாமா.

மேல்மூடி இல்லாமல் பத்திரமாகப் புரட்ட நான்கு பேர் வேண்டியிருந்தது. கீழ்மூடியையும் கழற்றினோம். அடியிலும் பேப்பர்தான். ஆனால் செய்தித்தாள் இல்லை. சின்ன எழுத்து, வரிசை எண், கேள்விகள்.

“‘மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு பாலத்தை…’ அடடா, இந்தக் கணக்கு என்னை எட்டாம் வகுப்பிலேயே கவிழ்த்தது,” என்று படித்தேன். ஓரத்தில் பென்சில் டிக். அடுத்த கேள்விக்கும் டிக். “பேப்பர் தீர்ந்துபோய் கையில இருந்த புஸ்தகத்தைக் கிழிச்சிருக்காங்க மாமா. ‘ரயில்வே எழுத்தர் தேர்வு வழிகாட்டி’…”

அதற்கு மேல் எனக்குப் படிக்க வரவில்லை.

மாமா தாள்களை அடுக்கினார். “ஒண்ணுலேருந்து நாற்பது பக்கம். எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கு. படிச்சு முடிச்ச பக்கத்தை மட்டும் கல்லுக்குக் கொடுத்துட்டு, மீதியை வெச்சுக்கிட்டிருக்காரு. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படிக்கணும்னு இருந்த ஆளு.” பிறகு நிமிர்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார். “பரீட்சை ஏன் எழுதலை தம்பி?”

ஊசிக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அது மேஜையில் சரியாக நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

“மனசு வரலை சார்,” என்றார்.

பல்லுக்காரப் பெண் எழுந்து நின்றாள்.

“ஒரு நாள் ஒத்தாசைக்குத்தான் கூட்டிட்டுப் போனாரும்மா. காலையில கடல் வத்தினதும் இறங்கினோம். கட்டு போட்டோம். பலகையில வெச்சு, கயிறு கட்டி, சரிவுல மேலே இழுத்துட்டு வந்தோம். பாதி வழியில உங்கப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாரு. கைக்குட்டையில சுத்தி ஒரு சின்ன எலும்பைப் பாறை மேல வெச்சிருந்தாரு, மறந்துட்டாரு. ‘நீ கயித்தைப் பிடி, அதுதான் முக்கியம், நாற்பது அடிதான், எட்டி நடந்தா வந்துடுவேன்’னு இறங்கினாரு. கீழே போய் எடுத்து, கையைத் தூக்கிக் காட்டினாரு. ‘கிடைச்சிடுச்சு’ன்னு கத்திட்டுச் சட்டைப் பையில போட்டாரு. அப்போ ஒரு அலை வந்துச்சு. அவ்வளவு பெரிசா வரும்னு ரெண்டு பேருமே நினைக்கலை.”

“நீங்க இறங்கலையா?” அவள் குரல் ஏறியது.

“கயிறு என் இடுப்புல இருந்துச்சு. விட்டா கல்லு உருண்டு அவர் மேலயே விழும். அதுக்காகத்தான் பிடிச்சேன். அவர் எழுந்தாரு, விழுந்தாரு, திரும்ப எழுந்தாரு. ‘விட்டுடாத, விட்டுடாத’ன்னாரு. அப்புறம் அவர் அங்க இல்லை. இல்லேன்னு தெரிஞ்ச பிறகும் நான் பிடிச்சிட்டே நின்னேன்மா. எதுக்குப் பிடிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.”

அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் கல்லை ஏற்றி அருங்காட்சியகத்தின் பின்வாசலில் இறக்கிவிட்டாராம். முதல் நாள் பயத்தில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ‘தனியாகப் போனவர்’ என்று பேப்பரில் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவள் அப்பாவின் காலி இடத்துக்கு மனுப் போட்டு உள்ளே வந்தார். அந்தக் கல்லைத் தனியாக விடக்கூடாது என்று தோன்றியதாம். வருடத்துக்கு ஒரு பொய் எழுதிப் பிரிக்காமல் காத்தார். பிரித்தால் தன் புத்தகத் தாள் வெளியே வரும் என்று அவருக்குத்தானே தெரியும்!

“இருபத்திரண்டு வருஷம்!” என்று கத்தினாள் அவள். “எங்கம்மா சாகற வரைக்கும் ‘கடைசியில பக்கத்துல ஒரு ஆள்கூட இல்லாம போயிட்டாரே’ன்னு அழுதாங்க. ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா என்ன? உங்களை அடிச்சிருப்பாங்களா? சோறு போட்டிருப்பாங்க!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வந்தேன்மா. உங்க தெருமுனை வரைக்கும் நாலு தடவை வந்தேன்.”

டைரக்டர் தொண்டையைச் செருமினார். அவர் கவலை அவருக்கு. “கதை நல்லா இருக்கு. ஆனா சாட்சி? கைக்குட்டையில எலும்பு, அதுக்காகத் திரும்பிப் போனார்னு இவர் சொல்றார். அப்படி ஒரு எலும்பு எங்கேயும் கிடைக்கலையே!”

மாமா பல்லுக்காரப் பெண்ணைப் பார்த்தார். “அந்தக் கல்லு உங்களுக்கு எங்கம்மா கிடைச்சது?”

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். தன் கையைத் தானே முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். “போலீஸ்ல அப்பாவோட துணியைக் கொடுத்தாங்க. சட்டைப் பையில இது இருந்துச்சு. கூழாங்கல்லுன்னு அம்மா தூக்கிப் போடப் போனாங்க. நான் வாங்கி வெச்சுக்கிட்டேன்.”

டைரக்டர் அதை வாங்கவில்லை. வாங்க அவருக்குக் கை வரவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற பழுப்புக் கல், இரண்டு முனையிலும் கப்பி மாதிரி வழவழவென்ற பள்ளம். அவள் தினமும் உருட்டி உருட்டி ஒரு பக்கம் மினுமினுத்தது. நேற்றிலிருந்து என் மூக்குக்குக் கீழேயே உருண்டதை நகம் கடிப்பதோடு சேர்த்த என் மூளையை என்ன சொல்வது!

ஊசிக்காரர் 412-இன் நடுவே ஈரத் துணியால் துடைத்தார். கால் எலும்பின் முனை தெரிந்தது. அவள் குனிந்து கல்லை அந்த முனையில் வைத்தாள். பல் அச்சில் பல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. அவள் விரலை எடுத்த பிறகும் அது நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அவரைப் பார்க்காமலே கேட்டாள். “அன்னிக்கு என்ன பேசினாரு?”

“நிறைய பேசினாரும்மா. பிளாஸ்டர் காயற வரைக்கும் உங்களைப் பத்திதான். உங்களுக்கு முன்பல் ஆடிட்டிருந்துச்சாம். யாரையும் தொட விடமாட்டேங்குறீங்களாம். அப்பா வந்துதான் எடுக்கணும்னு சொல்லிட்டீங்களாம். ‘சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போகணும்டா, பல்லு பார்க்கணும்’னு மூணு தடவை சொன்னாரு.”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏழு வயதில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் மூன்று ஆண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலமாரிகளைப் பார்த்தோம். ஊசிக்காரர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் பதிவேட்டை இழுத்து டைரக்டர் முன்னால் வைத்தாள். “உங்க பேரை அடிங்க சார். எங்கப்பா பேரை எழுதுங்க.” ஊசிக்காரர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “அதுக்குக் கீழே இவர் பேரையும் எழுதுங்க. ஒத்தை ஆள் பண்ணக்கூடிய வேலை இல்லை அது.”

டைரக்டர் எழுதினார். மூன்று பேனாவில் ஒன்று அன்றைக்குத்தான் உருப்படியான வேலை செய்தது.

நாங்கள் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்காரர் டம்ளரைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே பன்னிரண்டரை மணி வெயில். எங்கள் கார் நடு வெயிலில் நின்றது. கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. நான் உட்காராமல் வெளியிலேயே நின்றேன். மாமாவும் அந்தப் பக்கம் நின்றார்.

“மாமா.”

“சொல்லுங்க மாப்ள.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில, நான் காரை நிறுத்தக் கீழே போயிருந்தப்போ… அவ ஏதாவது சொன்னாளா?”

மூன்று வருடமாக இதே கேள்வியை நாக்கில் வைத்துக்கொண்டுதான் நான் ஊரையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

“சொன்னா. ‘அவர் காரை வெயில்லதான் நிறுத்துவார் பாருங்கப்பா, அப்புறம் சீட்டு சுடுதுன்னு வீடு வரைக்கும் புலம்புவார்’னா. சொல்லிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சிட்டுப் பார்த்தேன்…” அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.



“ஏன் மாமா இத்தனை நாளா சொல்லலை?”

“நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் மாப்ள. நீங்க ஜோக்கா சொல்லிட்டிருந்தீங்க.”

அவர் காரைச் சுற்றி என் பக்கம் வந்தார். கக்கத்தில் வைத்திருந்த அன்றைய பேப்பரை எடுத்து, இரண்டாக மடித்து, என் சீட்டில் விரித்தார். சுருக்கம் போக உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டார்.

“உட்காருங்க,” என்றார். “இப்போ சுடாது.”